வேலை விசா நிலையை அமெரிக்காவில் இருந்தபடியே மாற்றுவது

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா வேறு, அந்த நாட்டில் அவர் தங்கியிருக்கும் சட்ட நிலை வேறு. விசாவைத் தருவது வெளியுறவுத் துறை, அதுவும் தூதரகத்தில். விமான நிலையம் வரை வந்து உள்ளே விடும்படி கேட்க அது உதவும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. உள்ளே வந்தவர் எந்த வகையில், எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்னும் வருகைப் பதிவு. விசா காலாவதியாகி ஓராண்டு ஆகியிருக்கலாம். ஐ-94 நடப்பில் இருந்தால் அவர் முறைப்படி தங்கியிருப்பவர்தான். விசாவில் இன்னும் 2 ஆண்டு மிச்சம் இருக்கலாம். ஐ-94 நேற்றோடு முடிந்திருந்தால் இன்று அவர் அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர். பேச்சு வழக்கில் எல்லோரும் ‘விசா மாற்றுவது’ என்கிறார்கள். நாட்டை விட்டு வெளியேறாமல் மாற்றக்கூடியது நிலை மட்டும்தான். விசாவை மாற்ற, இன்றைய நடைமுறையில், வெளிநாட்டுத் தூதரகத்துக்கே போக வேண்டும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் இந்த அத்தியாயத்தில் வரும் விதிகளில் பாதி தாமாகவே விளங்கும்.

ஐ-94ஐச் சரிபார்த்தல்

வான் வழியாக வருவோருக்கு 2013 முதல் ஐ-94 காகிதமாகத் தரப்படுவதில்லை. சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து அச்செடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் வந்ததும், வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பார்க்க வேண்டியவை பெயர், வகை, ‘இத்தேதி வரை’ என்ற கட்டம் ஆகிய மூன்றும்.

அந்த மூன்றாவது கட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவருடைய எச்-1பி என்னும் வேலை நிலைக்கான ஒப்புதல் 2027 செப்டம்பர் 30 வரை இருப்பதாகவும், அவருடைய பாஸ்போர்ட் 2026 நவம்பர் 12 அன்று முடிவதாகவும் வைத்துக்கொள்வோம். விமான நிலைய அதிகாரி ஐ-94இல் 2026 நவம்பர் 12 என்றே போடக்கூடும். அவரோ கையில் ஒப்புதல் கடிதம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் 2027 வரை நிம்மதியாக இருப்பார். இடையில் இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தும் இருப்பார். பாஸ்போர்ட் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது. நவம்பர் 13 முதல் அவர் காலம் கடந்து தங்கியவர். புதிய பாஸ்போர்ட்டோடு ஒருமுறை வெளியே போய்த் திரும்புவது, அல்லது அந்தத் தேதிக்கு முன்பே நிறுவனத்தின் மூலம் நீட்டிப்பு மனு போடுவது, இரண்டில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். பொதுவாகக் கடைசியாகத் தரப்பட்ட ஐ-94தான் செல்லும் என்பதால், பழைய கடிதத்தில் உள்ள நீண்ட தேதி அவருக்குக் கைகொடுக்காது. பிறகு நிலை மாற்றம் கேட்டு மனு போடும்போதுதான் இது பெரும்பாலும் வெளியே தெரிகிறது. அப்போது திருத்துவது மிகக் கடினம்.

யாரால் மாற்ற முடியும்

குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 248ஆம் பிரிவு நிலை மாற்றத்துக்கு இடம் தருகிறது. முறைப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். வந்த நிலையின் நிபந்தனைகளை மீறாமல் இருந்திருக்க வேண்டும். அனுமதியில்லாத வேலை பார்த்திருக்கக் கூடாது. ஐ-94 முடிவதற்குள் மனு யூ.எஸ்.சி.ஐ.எஸ். எனப்படும் குடியேற்றச் சேவைத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது, அங்கே பெற்றுக்கொண்ட நாள்தான் கணக்கு. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்றாலும், விண்ணப்பதாரரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணக் காரணம் காட்டினால்தான் அது கிடைக்கும். வழக்கறிஞர் மறந்துவிட்டார், நிறுவனம் இழுத்தடித்தது என்பவற்றை நம்பி இருக்கக் கூடாது.

சிலருக்கு இந்த வழியே இல்லை. விசா விலக்குத் திட்டத்தில் வந்தவர்கள், கப்பல் மற்றும் விமான ஊழியர்களாக வந்தவர்கள், வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கியவர்கள், திருமணம் நிச்சயமானவருக்கான கே-1 விசாவில் வந்தவர்கள் ஆகியோர் வேலை நிலைக்கு மாற முடியாது. ஜே-1 விசாவில் வந்த ஆய்வாளர்கள், மருத்துவர்கள் பலருக்கு ‘2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை உண்டு. விசாவிலும் டி.எஸ்.-2019 படிவத்திலும் அந்தக் குறிப்பு இருக்கும். அதற்கு விலக்குப் பெறாமல் எச்-1பிக்கோ, ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி வருவோருக்கான எல்-1க்கோ மாற முடியாது.

ஒரே படிவம், இரண்டு முடிவுகள்

எச்-1பிக்கான மனுவைப் போடுவது பணியாளர் அல்ல, வேலை கொடுக்கும் நிறுவனம். ஐ-129 என்ற அந்தப் படிவத்தில், ஒப்புதல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பகுதி ஒன்று உண்டு. ஆள் அமெரிக்காவில் இருக்கிறார், நிலையை மாற்றித் தரவும் என்று குறிப்பது ஒரு வழி. ஒப்புதலைத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள், அவர் அங்கே விசா வாங்கிக்கொண்டு வருவார் என்று குறிப்பது மற்றொரு வழி.

முதல் வழியில் வரும் கடிதம் ஐ-797ஏ. அதன் கீழ்ப்பகுதியில், கிழித்து எடுக்கும்படியான ஒரு சிறு சீட்டாகப் புதிய ஐ-94 அச்சாகி இருக்கும். அந்தச் சீட்டில் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து நிலை மாறிவிடுகிறது. இரண்டாம் வழியில் வருவது ஐ-797பி. அதில் அந்தச் சீட்டு இருக்காது. மனு ஏற்கப்பட்டது என்று மட்டும் சொல்லும். வெளியே போய் விசா பெற்றுத் திரும்பும் வரை பழைய நிலையே தொடரும். புதிய வேலையைத் தொடங்க முடியாது. கடிதம் வந்ததும் மேலே உள்ள ‘ஒப்புதல்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போய் நின்றவர்கள் உண்டு. பார்க்க வேண்டிய இடம் தாளின் அடிப்பகுதி. நிலை மாற்றம் கேட்டிருந்தும், பழைய நிலையைக் காப்பாற்றவில்லை என்று துறை கருதினால், மனுவை ஏற்று நிலை மாற்றத்தை மட்டும் மறுத்துவிடும். அப்போதும் கைக்கு வருவது இரண்டாம் வகைக் கடிதம்தான்.

இந்த வேறுபாட்டுக்கு 2025இல் பெரும் பண மதிப்பும் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் வெளியிட்ட பிரகடனம், செப்டம்பர் 21 முதல் போடப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. நாட்டுக்குள் இருப்பவருக்காக நிலை மாற்றம், திருத்தம், நீட்டிப்பு கேட்டுப் போடப்பட்டு அப்படியே ஏற்கப்படும் மனுக்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று அக்டோபர் 20 அன்று யூ.எஸ்.சி.ஐ.எஸ். விளக்கம் தந்தது. அப்படி மாறியவர் பிறகு வெளியே போய் அதே ஒப்புதலைக் காட்டி விசா வாங்கினாலும் கட்டணம் இல்லை. ஆனால் தூதரக வழியைக் கேட்டிருந்தாலோ, நிலை மாற்றத்துக்குத் தகுதியில்லை என்று துறை முடிவு செய்தாலோ, முடிவு வருமுன் ஆள் நாட்டை விட்டுப் போய்விட்டாலோ கட்டணம் பொருந்தும். பிரகடனம் 12 மாத காலத்துக்கு என்று வெளியிடப்பட்டது. மனு போடும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே மேற்கொண்டு நகர வேண்டும்.

மனு நிலுவையில் இருக்கும்போது பயணம் கூடாது என்ற பழைய விதி இதனால் இன்னும் இறுக்கமாகியிருக்கிறது. நிலை மாற்றம் கேட்டவர் முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியேறினால், அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். தங்கை திருமணமோ தந்தையின் அறுவை சிகிச்சையோ, காரணம் எதுவானாலும் விதி மாறாது. ஊரில் தவிர்க்க முடியாத நிகழ்ச்சி இருப்பது முன்பே தெரிந்தால், அதை முடித்துவிட்டு வந்து மனு போடச் சொல்வதோ, விரைவு முறையில் போடச் சொல்வதோதான் தீர்வு. கூடுதல் கட்டணம் செலுத்தும் விரைவு முறையில் 15 வேலை நாட்களுக்குள் துறை ஏதாவது ஒரு நடவடிக்கை எடுக்கும். அது ஒப்புதலாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்.எஃப்.இ. கடிதமாகவும் இருக்கலாம்.

மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு

தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்குப் போகிறவர்களில் பலர் கடக்கும் பாதை இது. எஃப்-1 மாணவருக்குப் படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்னும் 12 மாதப் பணிப் பயிற்சி உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 24 மாதம். இந்தக் காலத்தில் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் எண்ணப்படுகின்றன. முதல் 12 மாதத்தில் 90 நாள்; நீட்டிப்புப் பெற்றவர்களுக்கு எல்லாம் சேர்த்து 150 நாள். இந்த எண்ணிக்கை தாண்டியிருந்தால் நிலையைக் காப்பாற்றவில்லை என்று பொருள். பிறகு எச்-1பி ஒப்புதலாகும்போது நிலை மாற்றம் மறுக்கப்பட இதுவே காரணமாகலாம். எந்தத் தேதியில் எந்த வேலையில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அவ்வப்போது தெரிவித்து, தெரிவித்ததற்கான மின்னஞ்சலையும் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

எச்-1பிக்கு ஆண்டு உச்சவரம்பு 65,000; அமெரிக்காவில் முதுகலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் இதைவிடப் பல மடங்கு என்பதால் முதலில் மின்னணுப் பதிவு, பிறகு தேர்வு. மார்ச் மாதத்தில் நிறுவனம் ஆளுக்கு 215 டாலர் கட்டிப் பதிவு செய்கிறது. நெடுங்காலம் இது வெறும் குலுக்கலாக இருந்தது. 2026 மார்ச் பதிவிலிருந்து ஊதிய அடுக்குக்கு ஏற்ப எடை தரப்படுகிறது. நான்காம் அடுக்கு ஊதியம் உள்ளவரின் பெயர் 4 முறையும், முதல் அடுக்கில் இருப்பவரின் பெயர் 1 முறையும் சேர்க்கப்படும். புதிதாகப் படிப்பை முடித்து, தொடக்க நிலை ஊதியத்தில் சேர்ந்த இளைஞர்களுக்கு இது பாதகமான மாற்றம். ஓ.பி.டி.யின் 3 ஆண்டுகளில் கிடைக்கும் ஒவ்வொரு மார்ச்சிலும் நிறுவனத்தைப் பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் ஆண்டை விடுவது ஒரு வாய்ப்பை வீணாக்குவதாகும்.

தேர்வானவருக்கு நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையிடம் எல்.சி.ஏ. என்னும் உறுதிமொழிச் சான்று பெற வேண்டும். எந்த ஊரில், என்ன வேலை, என்ன சம்பளம் என்பது அதில் இருக்கும். அதே ஊரில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்தைவிடக் குறைத்துக் கொடுக்க முடியாது. சான்று வர 7 வேலை நாள் ஆகும். ஏப்ரல் 1 முதல் குறைந்தது 90 நாள் மனு போட அவகாசம் உண்டு. வேலை தொடங்குவது அக்டோபர் 1. பணியாளர் தர வேண்டியவை பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், கல்லூரி தந்த எல்லா ஐ-20 படிவங்கள், வேலை அனுமதி அட்டை, ஐ-94, சம்பளச் சீட்டுகள் ஆகியவை. மனுவின் முழு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எல்லா நிறுவனமும் தாமாகத் தருவதில்லை.

ஓ.பி.டி. ஜூனில் முடிந்து எச்-1பி அக்டோபரில் தொடங்கினால் நடுவில் உள்ள மாதங்களுக்கு என்ன செய்வது? இதற்காக இருப்பதுதான் ‘கேப்-கேப்’ என்ற ஏற்பாடு. ஓ.பி.டி. நடப்பில் இருக்கும்போதே நிலை மாற்றம் கேட்டு மனு போடப்பட்டிருந்தால், தங்கும் உரிமையோடு வேலை பார்க்கும் உரிமையும் தொடரும். முன்பு இது அக்டோபர் 1 வரைதான் நீளும். 2025 ஜனவரி 17 முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 வரை நீட்டிக்கப்பட்டிருப்பதால், முடிவு தாமதமானால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டிய நிலை இப்போது இல்லை. ஓ.பி.டி. முடிந்த பிறகு வரும் 60 நாள் அவகாசத்தில் மனு போடப்பட்டிருந்தால், தங்கலாம், ஆனால் வேலை பார்க்க முடியாது. தூதரக வழி கேட்டுப் போட்ட மனுவுக்கு இந்த ஏற்பாடு அறவே கிடையாது.

அக்டோபர் 1 அன்று மாற்றம் நடந்ததை முதலில் காட்டுவது சம்பளச் சீட்டு. வருமான வரிக்கு அயலவராகக் கருதப்படும் எஃப்-1 மாணவரிடம், பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு, சமூகப் பாதுகாப்பு வரியும் மருத்துவக் காப்பு வரியும் பிடிப்பதில்லை. எச்-1பி தொடங்கியதும் 6.2 விழுக்காடும் 1.45 விழுக்காடும் பிடிப்பார்கள். 15 நாள் சம்பளம் 5,000 டாலர் என்றால், 382.50 டாலர் குறைந்து கைக்கு வரும். இது தவறு அல்ல. பிடிக்காமல் விட்டிருந்தால்தான் சம்பளப் பிரிவிடம் போய்ச் சொல்ல வேண்டும். வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தையும் அதே நாளில் புதுப்பிக்க வேண்டும்.

நிறுவனம் மாறுதல்

எச்-1பியில் இருப்பவர் வேறு நிறுவனத்துக்குப் போவதை ‘டிரான்ஸ்ஃபர்’ என்கிறார்கள். உண்மையில் எதுவும் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவதில்லை. புதிய நிறுவனம் தன் பெயரில் புதிய மனு போடுகிறது. ஒருமுறை உச்சவரம்பில் எண்ணப்பட்டவர் 6 ஆண்டு முடியும் வரை மறுபடியும் எண்ணப்படுவதில்லை என்பதால் குலுக்கல் இல்லை, ஏப்ரலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பல்கலைக்கழகம் போன்ற விலக்குப் பெற்ற இடத்தில் எச்-1பி வாங்கியவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர் தனியார் நிறுவனத்துக்குப் போனால் மார்ச் பதிவில் புதிதாக நிற்க வேண்டும்.

2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, புதிய மனு பெறப்பட்டதுமே புதிய இடத்தில் வேலை தொடங்கலாம். ஒப்புதலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சட்டம் இப்படி இருந்தாலும், அவசரம் இல்லாதவர் விரைவு முறையில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு பழைய வேலையை விடுவதே பாதுகாப்பு. ரசீதை நம்பிச் சேர்ந்த பிறகு மனு மறுக்கப்பட்டால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். பழைய நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதும் நிச்சயமில்லை. ஒரு மனு நிலுவையில் இருக்கும்போதே மூன்றாவது நிறுவனத்துக்குத் தாவுவது இன்னும் ஆபத்து. முதல் ஐ-94 முடிந்துவிட்ட நிலையில் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மறுக்கப்பட்டால், அதன்மேல் நிற்கும் அடுத்ததும் விழும்.

புதிய நிறுவனம் கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டுகளைக் கேட்கும். எச்-1பி நிபந்தனைப்படி ஊதியம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. திட்டம் இல்லை என்று சொல்லிச் சம்பளம் தராமல் ‘பெஞ்சில்’ உட்கார வைக்கும் நிறுவனங்கள் இங்கேதான் பணியாளருக்குத் தீங்கு செய்கின்றன. வேலை இல்லாதது நிறுவனத்தின் பொறுப்பு என்றால் முழுச் சம்பளமும் தந்தே ஆக வேண்டும் என்பது விதி. மனுவுக்கான பயிற்சிக் கட்டணத்தைப் பணியாளரிடம் வசூலிப்பதும் சட்டத்துக்குப் புறம்பு. இரண்டுக்கும் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

நிறுவனம் மாறாமல் ஊர் மட்டும் மாறினாலும், புதிய இடம் வேறு பெருநகர எல்லைக்குள் இருந்தால் திருத்திய மனு தேவை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் டாலஸிலிருந்து சியாட்டிலுக்குக் குடிபோனால் அவருடைய வேலையிடமும் மாறிவிடுகிறது. சாமான்களை ஏற்றுவதற்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் சொல்ல வேண்டும்.

வேலை போனால் 60 நாள்

2017 ஜனவரி 17 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, எச்-1பி, எல்-1, ஓ-1 போன்ற நிலைகளில் இருப்பவருக்கு வேலை முடிந்த பிறகு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அவகாசமும் அன்றே முடியும். எண்ணத் தொடங்குவது வேலை முடிந்த நாளுக்கு மறுநாளிலிருந்து. பொதுவாகச் சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளை வேலை முடிந்த நாளாக எடுத்துக்கொள்கிறார்கள். இழப்பீடாக மூன்று மாதப் பணம் தந்திருந்தாலும் அந்த மூன்று மாதம் கணக்கில் சேராது. ஆகவே பணிநீக்கக் கடிதம் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது தொகையை அல்ல, கடைசிப் பணிநாளை. அதை எழுத்தில் வாங்கி, 60ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களுக்குள் புதிய நிறுவனத்தின் மனு துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது. சேர்ந்ததுமே வேலை தொடங்கலாம். எல்.சி.ஏ.வுக்கே ஒரு வாரத்துக்கு மேல் போய்விடுவதால், 45ஆம் நாளுக்குள் வேலை உறுதியாகாவிட்டால் மாற்று ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. கணவனோ மனைவியோ எச்-1பியில் இருந்தால் எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4க்கு மாறுவதே எளிதான மாற்று. எச்-4இல் கழியும் காலம் எச்-1பியின் 6 ஆண்டில் சேராது. பிறகு வேலை கிடைக்கும்போது குலுக்கல் இல்லாமல் திரும்ப வரலாம். மீண்டும் படிக்க எண்ணுபவர் எஃப்-1 கேட்கலாம்.

இரண்டும் இல்லாதவர்கள் பி-2 எனப்படும் பார்வையாளர் நிலைக்கு ஐ-539 விண்ணப்பம் போடுகிறார்கள். வீட்டைக் காலி செய்ய, பிள்ளைகளின் பள்ளி ஆண்டை முடிக்க, காரை விற்க இது அவகாசம் தரும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை சட்டவிரோதத் தங்கல் கணக்கில் ஏறாது. ஆனால் 60 நாள் கழிந்த பிறகு, பி-2 நிலுவையில் இருக்கும்போது வரும் எச்-1பி மனுவை வைத்து உடனே வேலை தொடங்க முடியாது. நிலை மாற்றம் ஒப்புதலாகும் வரை காத்திருக்க வேண்டும். பி-2 மறுக்கப்பட்டால் எச்-1பிக்கான நிலை மாற்றமும் அதோடு போகும். ஆக, இதை வேலை தேடுவதற்கான நீண்ட காலமாக எண்ணாமல் ஊர் திரும்பும் ஏற்பாட்டுக்கான காலமாக எண்ணுவதே விவேகம். நிறுவனமே நீக்கியிருந்தால், ஊர் திரும்புவதற்கான நியாயமான பயணச் செலவைத் தரும் கடமை அந்த நிறுவனத்துக்கு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், பலருக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரிவதில்லை.

குடும்பத்தினர்

முதன்மைப் பணியாளரின் நிலை மாறினால் குடும்பத்தினரின் நிலை தானாக மாறாது. எஃப்-1 கணவர் எச்-1பி ஆகும்போது எஃப்-2 மனைவிக்கு எச்-4 கேட்டுத் தனியே ஐ-539 போட வேண்டும். இதை மறந்தால் அக்டோபர் 1 முதல் அவருடைய எஃப்-2 நிலைக்கு அடிப்படை இல்லாமல் போகும். கட்டணம் காகிதத்தில் 470 டாலர், இணையத்தில் 420 டாலர். திருமணச் சான்று, பிறப்புச் சான்று தமிழில் இருந்தால், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கோயிலில் நடந்த திருமணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்று இல்லாமல் புறப்பட்டு வந்தவர்கள் இந்தக் கட்டத்தில்தான் சிரமப்படுகிறார்கள்.

எச்-4இல் இருப்பவர் படிக்கலாம். வேலை பார்க்க, பச்சை அட்டை என்னும் நிரந்தரத் தங்கும் உரிமைக்காகத் துணைவருக்குப் போடப்பட்ட ஐ-140 மனு ஒப்புதலாகியிருக்க வேண்டும் அல்லது 6 ஆண்டைத் தாண்டிய நீட்டிப்பு கிடைத்திருக்க வேண்டும். அதன்பின் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2015 முதல் இருக்கும் வசதி இது. புதுப்பிக்க விண்ணப்பித்ததுமே பழைய அட்டை தானாக நீளும் ஏற்பாடு, 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு நீக்கப்பட்டுவிட்டது. முடிவதற்கு 180 நாள் முன்பே புதுப்பிக்கப் போடலாம் என்பதால், அந்த முதல் நாளிலேயே போட்டுவிட வேண்டும். தாமதித்தால் நடுவில் வேலை நிற்கும். எல்-1 பணியாளரின் துணைவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஐ-94இல் எல்-2எஸ் என்று இருந்தால் அதுவே வேலை அனுமதி.

பிள்ளைகளுக்கு 21 வயது நிறைந்ததும் எச்-4 முடிகிறது. பச்சை அட்டைக்கான வரிசையில் இந்தியர்கள் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருப்பதால், மூன்று வயதில் வந்து அமெரிக்கப் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளை, 21ஆவது பிறந்த நாளுக்குள் எஃப்-1க்கு மாற வேண்டிய நிலை வருகிறது. பெற்றோர் இதை 20ஆவது வயதிலேயே தொடங்குவது நல்லது. மாணவர் நிலைக்கு மாறும்போது, படிப்பு முடிந்ததும் நாடு திரும்பும் எண்ணத்தை விளக்க வேண்டியிருக்கும். வேறு ஊரே அறியாத பிள்ளைக்கு அதை எழுதுவது எளிதல்ல.

ஆறு ஆண்டுக் கணக்கு

எச்-1பி அதிகபட்சம் 6 ஆண்டு. எல்-1இல் இருந்த காலமும் இதில் சேரும். எல்-1 பணியாளர் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது என்பதால் பலர் எச்-1பிக்கு வர முயல்கிறார்கள். அவர்கள் உச்சவரம்புத் தேர்வில் நிற்க வேண்டும். எல்-1இல் 4 ஆண்டு இருந்தவருக்கு மாறிய பின் 2 ஆண்டே மிச்சம்.

நாட்டுக்கு வெளியே கழித்த முழு நாட்கள் 6 ஆண்டில் சேராது. அவற்றைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். பொங்கலுக்கு வந்த 3 வாரம், தாயாரின் சிகிச்சைக்காக வந்த 2 மாதம் எல்லாம் கூட்டினால் கணிசமான மாதங்கள் தேறும். சான்று காட்டுவது பணியாளரின் பொறுப்பு. பாஸ்போர்ட்டின் குடியேற்ற முத்திரைப் பக்கங்கள், விமானச் சீட்டுகள், இணையத்தில் கிடைக்கும் பயண வரலாறு ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் போதும். பச்சை அட்டைக்கான தொழிலாளர் சான்று அல்லது ஐ-140 போட்டு 365 நாள் ஆகியிருந்தால் 6 ஆண்டுக்கு மேல் ஓராண்டு நீட்டிப்பும், ஐ-140 ஒப்புதலாகி வரிசை எண் வராமல் இருந்தால் 3 ஆண்டு நீட்டிப்பும் கிடைக்கும். ஒப்புதலாகி 180 நாள் கடந்த ஐ-140ஐப் பழைய நிறுவனம் திரும்பப் பெற்றாலும் இந்த நீட்டிப்பு உரிமை போகாது. நிறுவனம் மாற எண்ணுபவர் அந்த 180 நாளைக் கடத்திவிட்டுப் போவது பெரும் பயன் தரும்.

மாற்றத்துக்குப் பின் முதல் பயணம்

நாட்டுக்குள்ளேயே நிலை மாறியவரின் பாஸ்போர்ட்டில் இருப்பது இன்னும் பழைய விசாதான். எஃப்-1 விசாவைக் காட்டி எச்-1பி ஆகத் திரும்ப முடியாது. முதல் முறை ஊருக்குப் போகும்போது தூதரகத்தில் புதிய விசா பெறும் ‘ஸ்டாம்பிங்’ முடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். 2025 செப்டம்பர் முதல், குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. நேரில் வராமல் பாஸ்போர்ட்டை மட்டும் போட்டுவிட்டு வரும் ‘டிராப்பாக்ஸ்’ வசதியும் எச்-1பி, எச்-4 வகைகளுக்கு நின்றுவிட்டது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களும் பார்க்கப்படுகின்றன. அவற்றைப் பொதுவில் திறந்து வைக்கும்படி கேட்கிறார்கள். சென்னையில் அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து 221(ஜி) சீட்டு கையில் தரப்பட்டால், கூடுதல் பரிசீலனை என்று பொருள். எத்தனை நாளாகும் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வார விடுப்பில் இதையெல்லாம் முடித்துவிடலாம் என்று திட்டமிடக் கூடாது. இந்தியாவிலிருந்தே தற்காலிகமாக வேலை பார்க்க நிறுவனம் அனுமதிக்குமா என்று புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ 30 நாளுக்குள் போய் வருபவருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. காலாவதியான விசாவோ பழைய வகை விசாவோ பாஸ்போர்ட்டில் இருக்க, நடப்பில் உள்ள ஐ-94ஐக் காட்டித் திரும்பலாம். அங்கே இருக்கும்போது புதிய விசாவுக்கு விண்ணப்பித்தால் இந்த விலக்கு கிடைக்காது.

மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். மேல்முறையீட்டுக்கோ மறுபரிசீலனைக்கோ 30 நாள், கடிதம் தபாலில் வந்திருந்தால் 33 நாள். அந்தக் கோரிக்கை நிலுவையில் இருப்பது தங்குவதற்கு உரிமை தராது என்பதை மறக்கக் கூடாது. ஐ-94 முடிந்து, வேறு நிலுவை விண்ணப்பமும் இல்லையென்றால், சட்டவிரோதத் தங்கல் அன்று முதல் எண்ணப்படுகிறது. 180 நாளைத் தாண்டிய பின் வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் 10 ஆண்டும் திரும்ப வரத் தடை. ஒரு நாள் காலம் கடந்தாலே பாஸ்போர்ட்டில் உள்ள விசா செல்லாமல் போகும். எனவே மறுப்பு வந்த வாரத்திலேயே நிறுவனத்தின் வழக்கறிஞரைத் தவிர, தனக்கென ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் பணியாளர் கலந்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காகவும் பேசுகிறவர். இருவரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒப்புதல் வந்தவருக்குச் சில சில்லறை வேலைகள் மிச்சம் இருக்கும். ஓட்டுநர் உரிமம் பெரும்பாலும் ஐ-94 தேதியோடு முடிவதால், புதிய ஐ-797ஏ கடிதத்தோடு போய்ப் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 மூலம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கடிதங்கள், பழைய ஐ-94 நகல்கள், ஐ-20கள், ஆண்டு இறுதி டபிள்யூ-2 படிவங்கள், ஒவ்வொரு நிறுவனத்தின் முதல் மற்றும் கடைசிச் சம்பளச் சீட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வரிசையில் போட்டு, ஸ்கேன் செய்த நகலை வேறோர் இடத்திலும் வைத்திருக்க வேண்டும். பத்தாண்டு கழித்துப் பச்சை அட்டைக்கான கடைசிக் கட்டத்தில் அதிகாரி கேட்பதும் இதே தாள்களைத்தான்.